சேசுவா, இயேசுவா? ஒரு பெயர் நடந்து வந்த வழி



என் தவறு ஒன்றிலிருந்தே தொடங்கிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், படிவம் நான்கு மாணவி ஒருத்தி தன் தாத்தாவைப் பற்றிக் கட்டுரை எழுதியிருந்தாள். நல்ல கட்டுரை. தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் எழுந்து, சேசுநாதர் படத்துக்கு முன்னால் நின்று செபம் சொல்லிவிட்டுத்தான் வேலைக்குப் போவார் என்று ஒரு வரி. நான் 'சேசுநாதர்' மேல் சிவப்பு வட்டம் போட்டேன்; பக்கத்தில் 'இயேசுநாதர்' என்று எழுதினேன். 'செபம்' மேலும் ஒரு வட்டம். 'ஜெபம்' என்று திருத்தம். இரண்டையும் எழுத்துப்பிழைக் கணக்கில் சேர்த்தேன்.

அவள் சண்டைக்கு வரவில்லை. ஓய்வு நேரத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள்: "டீச்சர், எங்க தாத்தா பேரே சேசுதான். ஐசியிலகூட அப்படித்தான் இருக்கு. அதையும் மாத்தி எழுதணுமா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. "பார்த்துட்டுச் சொல்றேன்மா" என்று அனுப்பிவிட்டேன். பார்க்கத் தொடங்கியபோதுதான், ஒரே பெயருக்குத் தமிழில் சேசு, யேசு, இயேசு, ஏசு, ஈசா என்று இத்தனை வடிவங்கள் எப்படி வந்தன என்பது ஒரு நீண்ட பயணக்கதை என்று புரிந்தது. அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். இது சமயப் போதனை அல்ல, மொழி வரலாறு.

பெயரின் ஊற்று எபிரேய மொழி. அதன் முழு வடிவம் ஏறத்தாழ 'யெஹோஷுவா'. 'யாவே மீட்கிறார்', 'யாவே மீட்பு' என்று பொருள் சொல்வார்கள். யாவே என்பது இஸ்ரயேல் மக்கள் தங்கள் கடவுளுக்கு வழங்கிய பெயர். மோசேக்குப் பின் அந்த மக்களை வழிநடத்திய யோசுவாவின் பெயர் இதுதான். அவருக்கு முதலில் இருந்த பெயர் 'ஓசேயா'. மோசேதான் அதை மாற்றி இப்படி அழைத்தார் என்கிறது எண்ணிக்கை நூல்.

நீளமான பெயர் வாயில் தேயும். நம் ஊரில் சுப்பிரமணியம் 'மணியம்' ஆகவில்லையா? அதுபோல, பாபிலோனில் சிறைப்பட்டிருந்த யூதர்கள் தாயகம் திரும்பிய பிறகு எழுதப்பட்ட எஸ்ரா, நெகேமியா போன்ற நூல்களில் இந்தப் பெயர் 'யேஷுவா' என்று சுருங்கிவிடுகிறது. நெகேமியா நூலில் பழைய யோசுவாவையே ஓரிடத்தில் 'யேஷுவா' என்றுதான் எழுதியிருக்கிறார்கள். ஆக, இரண்டும் ஒரே பெயர்தான். நாசரேத்தில் வளர்ந்தவரை அவருடைய வீட்டாரும் ஊராரும் இந்தச் சுருங்கிய வடிவத்தில்தான் கூப்பிட்டிருப்பார்கள்.

மத்தேயு நற்செய்தியின் முதல் அதிகாரத்தில், குழந்தைக்கு இந்தப் பெயர் வை, ஏனென்றால் அவர் தம் மக்களை மீட்பார் என்று வானதூதர் சொல்வதாக ஓர் இடம் வரும். தமிழில் படிக்கும்போது 'ஏனென்றால்' என்பது சற்றே விளங்காமல் நிற்கும். பெயருக்கும் மீட்புக்கும் என்ன தொடர்பு? எபிரேயக் காதுக்கு அது உடனே கேட்டுவிடும், ஏனென்றால் பெயரும் 'மீட்பு' என்ற சொல்லும் ஒரே வேரில் பிறந்தவை. 'அறிவழகன் என்று பெயர் வை, அவன் அறிவோடு வளர்வான்' என்று நாம் சொன்னால் எப்படியோ, அப்படி. மொழி மாறியதும் ஒலி நின்றது, சிலேடை போய்விட்டது.

இன்னொன்றையும் மாணவர்கள் கவனிக்க வேண்டும். அன்று இது அரிய பெயர் அல்ல. முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் ஜோசஃபஸின் நூல்களில் இதே பெயருடன் ஏறத்தாழ 20 பேர் வருகிறார்கள். கத்தோலிக்க விவிலியத்தில் உள்ள சீராக் நூலை எழுதியவர் பெயரும் இதுவே. பவுல் எழுதியதாக வழங்கும் கொலோசையர் திருமுகத்திலும் 'யுஸ்து எனப்படும் இயேசு' என்று வேறொருவர் வருகிறார். அதனால்தான் 'நாசரேத்து இயேசு' என்று ஊர்ப்பெயரை ஒட்ட வேண்டியிருந்தது. ஒரே வகுப்பில் மூன்று கவிதாக்கள் இருந்தால் நாம் என்ன செய்கிறோமோ, அதுதான்.

சரி, கிரேக்கத்துக்கு வருவோம். கி.மு. 3ஆம் நூற்றாண்டு முதல் எகிப்தின் அலெக்சாந்திரியா நகரில் யூதர்கள் தங்கள் மறைநூலைக் கிரேக்கத்தில் பெயர்க்கத் தொடங்கினார்கள். 'எழுபதின்மர் மொழிபெயர்ப்பு' என்று அதற்குப் பெயர். அங்கே 'யேஷுவா' மூன்று இடங்களில் அடிபட்டது. கிரேக்கத்தில் 'ஷ' ஒலி இல்லை, 'ஸ' ஆயிற்று. பெயரின் கடைசியில் தொண்டைக்குள்ளிருந்து வரும் ஓர் எபிரேய ஒலி உண்டு. அதை எழுதக் கிரேக்கத்தில் எழுத்தே இல்லை. அந்தப் பகுதி உதிர்ந்தது. கடைசியாக, கிரேக்க ஆண்பெயர்கள் பெரும்பாலும் 'ஸ்' என்று முடியும். அந்த 'ஸ்' வந்து ஒட்டிக்கொண்டது. இப்படித்தான் 'இயேசூஸ்' பிறந்தது. நாம் 'ராமா' என்பதை 'இராமன்' ஆக்கி 'ன்' சேர்ப்பதைப்போல ஒரு வேலை.

ஆக, கிரேக்க நூலில் யோசுவாவும் இயேசூஸ், இயேசுவும் இயேசூஸ். இதனால் பிற்காலத்தில் ஒரு குழப்பம் வந்தது. 1611இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தில், எபிரேயர் நூலின் ஓர் இடத்தில் யோசுவாவைக் குறிக்க வேண்டிய சொல்லை இயேசு என்றே மொழிபெயர்த்துவிட்டார்கள். மேலோட்டமாகப் படித்தால் பொருளே மாறிப்போகும்.

சிலுவைக்கு மேல் பலகை ஒன்று வைத்தார்கள், நினைவிருக்கிறதா? யோவான் நற்செய்தியின்படி அதில் எபிரேயம், இலத்தீன், கிரேக்கம் என மூன்று மொழிகளில் எழுதியிருந்தது. நம் ஊரில் 'ஆபத்து' என்று நான்கு மொழிகளில் எழுதிய அறிவிப்புப் பலகைகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. ஒரே பெயரின் மூன்று வடிவங்கள் ஒரே பலகையில் நின்றன. தேவாலயச் சிலுவைகளில் ஐ, என், ஆர், ஐ என்று நான்கு எழுத்து பார்த்திருப்பீர்கள். அது இலத்தீன் வரியின் முதலெழுத்துகள்: நாசரேத்து இயேசு, யூதர்களின் அரசன். 'இயேசு'வுக்கும் ஐ, 'யூதர்'க்கும் ஐ. ஜே என்ற எழுத்தையே காணோம், பார்த்தீர்களா? அப்போது அப்படியோர் எழுத்து தனியாக இல்லை. ஐயின் இன்னொரு கோலமாக இருந்த ஜே, 16ஆம் நூற்றாண்டிலிருந்துதான் தனி எழுத்தாகப் பிரியத் தொடங்கியது. மேலே சொன்ன 1611 விவிலியத்தின் முதற்பதிப்பில்கூட இந்தப் பெயர் ஐ எழுத்தில்தான் தொடங்குகிறது.

இதோடு இன்னொரு குறியீடும் இருக்கிறது: ஐ, எச், எஸ். இயேசு சபையின் முத்திரையிலும் பல பலிபீடங்களிலும் இருக்கும். இதற்கு ஆளாளுக்கு விரிவு சொல்வார்கள். உண்மையில் அது கிரேக்கத்தில் எழுதிய பெயரின் முதல் மூன்று எழுத்துகள். நடுவில் இருப்பது ஆங்கில எச் அல்ல. 'ஏ' ஒலி தரும் கிரேக்க எழுத்து. உருவம் ஒத்துப்போனதால் வந்த வினை.

இனித் தமிழுக்கு வருவோம். இங்கேதான் என் மாணவியின் கேள்விக்கு விடை இருக்கிறது.

16ஆம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறைக்கு வந்தவர்கள் போர்த்துக்கேயர்கள். அவர்கள் மொழியில் ஜே எழுத்தின் ஒலி, நம் ஜவுக்கும் ஷவுக்கும் இடைப்பட்டது. அந்த ஒலி தமிழ்க் காதில் விழுந்தபோது, தமிழ் எழுத்துக்குள் அதற்கு மிக நெருக்கமாக இருந்தது 'ச'. அதனால் 'சேசு'. இதே வழியில்தான் போர்த்துக்கேய 'ஜோசே' நமக்குச் 'சூசை' ஆனார். சூசையப்பர் என்று மரியாதையும் பெற்றார். 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' என்னும் 16 பக்க நூலைப் பற்றி நீங்கள் படித்திருப்பீர்கள். இந்தியாவில் தமிழ் எழுத்தில் அச்சாகி நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய நூல் அது. அதை ஆக்கிய அண்டிரிக் அடிகளார் போர்த்துக்கேயர், இயேசு சபையைச் சேர்ந்தவர். நூலின் முகப்பில் அவருடைய சபையின் பெயர் போர்த்துக்கேய ஒலியிலேயே தமிழ் எழுத்தில் அச்சாகியிருக்கிறது. அதில் இருக்கும் வடிவம் 'சேசு'தான். அதாவது, நான் சிவப்பு வட்டம் போட்ட சொல்லுக்கு அச்சு வரலாற்றில் நான்கு நூற்றாண்டுக்கு மேல் வயது.

இரண்டாவது பாதை தரங்கம்பாடி வழியாக வந்தது. 1706இல் அங்கே வந்திறங்கிய சீகன்பால்கு ஜெர்மானியர். சீர்திருத்தத் திருச்சபையைச் சேர்ந்தவர். அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715இல் அச்சாகி முடிந்தது. அவருக்குப் பின் வந்த பப்ரிசியுஸ், இரேனியுஸ் ஆகியோரும் ஜெர்மானியர்களே. ஜெர்மன் மொழியில் ஜே எழுத்தை 'ய' என்றுதான் ஒலிப்பார்கள். அவர்கள் முன்னால் இருந்த கிரேக்க மூலத்திலும் சகர ஒலி இல்லை. அந்த மரபின் தமிழ் விவிலியத்தில் 'இயேசு' நிலைபெற்றதில் வியப்பில்லை.

ஆகவே, நீண்ட காலம் 'சேசு' என்றால் கத்தோலிக்க வீடு, 'இயேசு' என்றால் சீர்திருத்த சபை வீடு என்று அடையாளம் சொல்லிவிடலாம். செபமும் ஜெபமும்கூட அப்படித்தான். நான் அந்தப் பிள்ளையின் எழுத்துப்பிழையைத் திருத்துவதாக நினைத்துக்கொண்டு, அவள் குடும்பத்தின் சபையைத் திருத்திக்கொண்டிருந்தேன்! பிற்காலத்தில் கத்தோலிக்கர்களும் 'இயேசு'வுக்கு மாறினார்கள். 1995இல் இரு சபையினரும் சேர்ந்து வெளியிட்ட திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பில் 'இயேசு'தான் இருக்கிறது. ஆனால் ஆட்களின் பெயர்கள் மொழிபெயர்ப்புக் குழுவைக் கேட்டு மாறுவதில்லையே. சேசுராஜ், சேசையா, சேசுமேரி என்று அவை அப்படியே நிற்கின்றன.

பக்கத்து வீடுகளையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம். கேரளத்துப் பழைய கிறிஸ்தவர்கள் 'ஈசோ' என்பார்கள். அது சிரியாக் மொழி வழியாக நேரே வந்தது, ஐரோப்பாவைத் தொடவே இல்லை. திருக்குர்ஆனில் 'ஈசா', மலாய்க்கார நண்பர்களும் தமிழ் முஸ்லிம்களும் 'நபி ஈசா', 'ஈசா நபி' என்று சொல்வது அதனால். அரபு பேசும் கிறிஸ்தவர்களோ 'யசூ' என்பார்கள். சீன வகுப்புத் தோழரிடம் கேட்டுப் பாருங்கள், மாண்டரினில் 'யேசூ' என்பார். ஏறக்குறைய நம் தமிழ்போலவே கேட்கும்.

இப்போது இலக்கணம். தேர்வு எழுதுபவர்கள் இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

'யேசு' என்று இருக்க வேண்டிய பெயருக்கு முன்னால் 'இ' ஏன் வந்தது? மொழிக்கு முதலில் வரும் எழுத்துகளைப் பற்றிய விதிதான் காரணம். தொல்காப்பியம் யகரத்தில் 'யா' ஒன்றைத்தான் முதலில் வர விடுகிறது. நன்னூல் கொஞ்சம் தாராளம்: ய, யா, யு, யூ, யோ, யௌ ஆகியவை வரலாம். இரண்டிலுமே 'யே' கிடையாது. வேற்றுமொழிச் சொல் அப்படித் தொடங்கினால் என்ன செய்வது? வடசொற்களுக்கு நன்னூல் பதவியலில் வழி சொல்லியிருக்கிறார் பவணந்தியார்: யகரத்துக்கு முன் இகரம் சேர்த்துக்கொள். யக்ஷன் 'இயக்கன்' ஆனதும், யந்திரம் 'இயந்திரம்' ஆனதும் அப்படி. ராமன் 'இராமன்', லாபம் 'இலாபம்' என்பவை அதன் உடன்பிறப்புகள். வடசொல்லுக்குச் சொன்ன விதியை எபிரேயப் பெயருக்கும் நீட்டினார்கள், 'இயேசு' கிடைத்தது. கிரேக்க எழுத்திலும் இந்தப் பெயர் 'இ' ஒலியில் தொடங்கி 'ஏ'வுக்குப் போகிறது. தமிழ் இலக்கணம் தன் போக்கில் போய் அதே இடத்தில் நின்றது ஓர் அழகான தற்செயல்.

அதே பெயரின் மூத்த வடிவமான யோசுவாவுக்கு 'இ' ஏன் தேவைப்படவில்லை என்று இப்போது நீங்களே சொல்லிவிடுவீர்கள். 'யோ' நன்னூல் அனுமதித்த எழுத்து. யாக்கோபு, யூதா, யோவான் எல்லாமே அப்படித்தான். எபிரேயத்தில் யகர ஒலியில் தொடங்கும் எருசலேமும் எரேமியாவும் தமிழில் யகரத்தை விட்டுவிட்டு 'எ'வில் தொடங்குவதையும் பாருங்கள். எல்லாப் பெயரும் இப்படி ஒழுங்காக இல்லை, 'யெகோவா' என்றும் எழுதியிருக்கிறார்கள். ஆனாலும் பெரும்போக்கு தெளிவாகத் தெரிகிறது.

'ஏசு'வும் இந்த வழியில் வந்ததுதான். யானை 'ஆனை' ஆகிறது, யாண்டு 'ஆண்டு' ஆகிறது, யார் 'ஆர்' ஆகிறது. சொல்முதல் யகரம் உதிர்வது தமிழுக்குப் பழக்கம். தவிர, பேச்சில் நாம் 'ஏ'வை மெல்லிய யகரத்தோடுதானே ஒலிக்கிறோம்? அதனால் ஒலிப்படி 'ஏசு'வில் குறை சொல்ல முடியாது. ஒரே சிக்கல், தமிழில் 'ஏசு' என்றால் திட்டு என்றும் பொருள். பல கிறிஸ்தவர்கள் அந்த வடிவத்தைத் தவிர்ப்பதில் நியாயம் இருக்கிறது. என் கருத்து, நாமும் தவிர்த்துவிடலாம்.

'சேசு'வை மட்டும் ஏன் இலக்கணக் கண்ணாடியில் பார்க்காமல் விட வேண்டும்? தொல்காப்பியம் சகர வரிசையில் ச, சை, சௌ மூன்றைத்தான் மொழிமுதலில் விலக்குகிறது. 'சே' தாராளமாக வரலாம். அதாவது, எந்த முட்டும் கொடுக்காமல் தமிழ்ச் சொல்லாக நிற்கக்கூடிய வடிவம் 'சேசு'தான். அதைத்தான் நான் பிழை என்றேன். குற்றியலுகரப் பாடத்துக்கும் இது நல்ல எடுத்துக்காட்டு: 'சேசு' காசு, மாசு போல நெடில்தொடர், 'இயேசு' அரசு, பரிசு போல உயிர்த்தொடர். ஒரே ஆளின் பெயர், எழுத்து மாறியதும் வகை மாறிவிட்டது. வகுப்பில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள், பிள்ளைகள் மறக்க மாட்டார்கள்.

இன்னொன்றை இங்கே சொல்லாமல் விட மனமில்லை. பழைய தமிழ்க் கிறிஸ்தவம் பெயர்களை மொழிபெயர்க்கத் தயங்கியதே இல்லை. இலத்தீனில் 'பவுலுஸ்' என்றால் சிறியவர். பவுல் 'சின்னப்பர்' ஆனார். யோவான் என்ற பெயருக்குள் 'கடவுள் அருளினார்' என்ற பொருள் இருக்கிறது. அவர் 'அருளப்பர்' ஆனார். வீரமாமுனிவர் தேம்பாவணியில் யோசேப்பை 'வளன்' என்கிறார். எபிரேயத்தில் அந்தப் பெயருக்குப் பெருக்கம், வளர்ச்சி என்ற கருத்து. திருமுழுக்கு யோவானுக்கு அவர் வைத்த பெயர் 'கருணையன்'. இத்தனை பெயரைத் தமிழாக்கியவர்கள், 'இயேசு'வை மட்டும் பொருளால் பெயர்க்காமல் ஒலியாகவே வைத்துக்கொண்டார்கள். பொருளைச் சொல்ல இரட்சகர், மீட்பர் என்று பக்கத்தில் வேறு சொற்களை நிறுத்தினார்கள். ஒலியை விடாமல் பிடித்துக்கொண்டதால்தான், கைமாறிய ஒவ்வொரு மொழியின் தழும்பும் அந்தப் பெயரில் தெரிகிறது. சேசுவில் போர்த்துக்கேயன் தெரிகிறான், ஈசோவில் சிரியாக்காரன் தெரிகிறான்.

'கிறிஸ்து' பற்றிச் சுருக்கமாக. அது குடும்பப் பெயர் அல்ல, பட்டம். எபிரேயத்தில் 'மெசியா', எண்ணெய் பூசித் திருநிலைப்படுத்தப்பட்டவர். இஸ்ரயேலின் அரசர்களை அப்படித்தான் முடிசூட்டினார்கள். அதன் கிரேக்க மொழிபெயர்ப்பு 'கிறிஸ்தோஸ்'. அதிலிருந்து வந்த 'கிறிஸ்தவர்' என்ற பெயர் அந்தியோக்கியா நகரில்தான் முதலில் வழங்கியது என்று திருத்தூதர் பணிகள் நூல் சொல்கிறது.

'இயேசு என்பது ஈசன்தான், கிறிஸ்து என்பது கிருஷ்ணாதான்' என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றும். மாணவர்கள் அதைக் கட்டுரையிலும் எழுதிவிடுகிறார்கள். வேண்டாம். ஈசன் என்பது ஆளுதல் என்னும் பொருளுள்ள வடமொழி வேர். யேஷுவா என்பது மீட்டல் என்னும் எபிரேய வேர். கிருஷ்ணன் என்றால் கருநிறத்தவன். கிறிஸ்து என்றால் எண்ணெய் பூசப்பட்டவர். ஒலி ஒத்திருப்பதால் உறவு ஆகிவிடாது. சொந்தம் கொண்டாடுமுன் வேரைப் பார்க்கணும்.

சரி, விடைத்தாளில் என்ன செய்வது? நான் இப்போது பின்பற்றுவதைச் சொல்கிறேன். பொதுவாக எழுதும்போது மாணவர்கள் 'இயேசு' என்றே எழுதட்டும். இன்றைய வழக்கு அது. ஆனால் ஆள் பெயராகவோ, வீட்டு வழக்காகவோ, பழைய நூலிலிருந்து எடுத்ததாகவோ 'சேசு' வந்தால் தொடாதீர்கள். ஒரே கட்டுரையில் பாதி இடத்தில் 'இயேசு', பாதி இடத்தில் 'ஏசு' என்று காரணமில்லாமல் மாற்றி எழுதினால் மட்டும் வட்டம் போடுங்கள். செபமும் ஜெபமும் இரண்டும் சரி. செபம் என்பது ஜகரத்துக்குச் சகரம் இட்டு எழுதிய தமிழ் வடிவம், அவ்வளவுதான்.

அந்த மாணவியின் தாளைத் திரும்ப வாங்கி, இரண்டு வட்டங்களையும் அடித்துவிட்டு, குறைத்த மதிப்பெண்ணைக் கூட்டிப் போட்டுக் கொடுத்தேன். அடுத்த வாரம் அவள் தாத்தாவின் பழைய செபப் புத்தகத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்துவந்து காட்டினாள். அட்டை போயிருந்தது. உள்பக்கத்தில் பென்சிலால் அவர் பெயரை எழுதியிருந்தார், 'சே'வின் கொம்பு மட்டும் கொஞ்சம் பெரிதாக.